மாசானத்தின் இடது கால்

நவமணி அம்மாளுக்கு வயது நாற்பத்தைந்து. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஞானாபரணம் வாத்தியாருக்கு அறுபத்து மூன்று. ஊரில் சிரித்தவர்கள் உண்டு. முப்பது வருஷம் தலைமையாசிரியராகப் பிரம்பைத் தூக்கியவர் இப்போது வெந்நீர்ச் சட்டி தூக்குகிறாரே என்று. வாத்தியார் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அம்மாளின் ஆசிரமம் செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் இருந்தது. தொழுநோய் வந்து, மருந்து சாப்பிட்டுக் குணமாகி, வீட்டுக்குத் திரும்ப வழியில்லாமல் போன பதினோரு பேர், மாசானம் உட்பட, அங்கே இருந்தார்கள். நோய் போய்விட்டது. ஆனால் காலில் உணர்ச்சி திரும்பவில்லை. ஆணி ஏறினாலும் தெரியாது, நெருப்பை மிதித்தாலும் தெரியாது. அதனால் தினமும் காலை ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவர் காலையும் கழுவி, திருப்பி, விரலிடுக்கு வரைக்கும் பார்க்க வேண்டும். சீடர்களுக்குப் பாடம் என்று அங்கே வேறு எதுவும் கிடையாது.

அன்று வாத்தியாரின் தம்பி அருமைநாயகம் வருவதாக இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய தாயார் தம்பி வீட்டில் கண்ணை மூடினார். அண்ணன் தம்பிக்குள் ஏதோ பழைய மனத்தாங்கல். அருமைநாயகம் சொந்தக்காரர் எல்லோருக்கும் ஆள் அனுப்பினான், பக்கத்து ஊரில் இருந்த அண்ணனுக்கு மட்டும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், சந்தையில் யாரோ துக்கம் விசாரித்தபோதுதான் ஞானாபரணத்துக்கு விஷயமே தெரிந்தது. இப்போது மன்னிப்புக் கேட்க வருவதாகத் தம்பி எழுதியிருந்தான்.

"என்ன சொல்லப் போறீங்க, வாத்தியாரையா?" என்று அம்மாள் கேட்டார்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லி, காப்பி குடுத்து அனுப்பிருவேன். ரெண்டு நிமிச வேலை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். முதல்ல நெஞ்சு கொதிச்சுது. இங்க வந்து ஜெபிக்க ஜெபிக்க எல்லாம் அடங்கிட்டு. இப்ப அவனை நெனச்சா ஒண்ணுமே தோணல. அவன் செஞ்சது தப்பான்னு கேட்டா, அதுகூடத் தோணல."

வாத்தியாரின் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அன்பு பெருகிட்டா அடுத்தவன் செஞ்ச தப்பு நம்மளத் தொடாது. அப்படித்தானம்மா?"

"மாசானத்துக்குக் காலு பாத்தாச்சா?" என்றார் அம்மாள்.

பாராட்டை எதிர்பார்த்திருந்த வாத்தியாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"மூணு நாளாக் கேட்டேம்மா. வலி ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்னாரு. விட்டுட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

மாசானம் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். அம்மாள் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, இடது காலைத் தூக்கி மடியில் வைத்துத் திருப்பினார். குதிகாலில் உடைமரத்து முள் ஒன்று முழுசாக ஏறி ஒடிந்திருந்தது. சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது.

"இதோட எங்கெல்லாம் நடந்தீரு?"

"முந்தாநாளு குளத்துக்குப் போயிட்டு வந்தேன். நேத்தும் போனேன்" என்று சிரித்தார் மாசானம். "ஜம்முனு நடந்தேன்."

அம்மாள் இடுக்கியால் முள்ளைப் பிடுங்கினார். சீழைப் பிதுக்கிக் கழுவினார். மாசானம் முகம் சுளிக்கவே இல்லை. யாருடைய காலோ என்பதுபோல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற வாத்தியார்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா?" என்றார் மெதுவாக.

"காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்." அம்மாள் முள்ளை வாத்தியாரின் உள்ளங்கையில் வைத்தார். "இந்த வீட்டுல வலிக்கலன்னு சொல்றவங்க காலைத்தான், வாத்தியாரையா, நான் முதல்ல பார்ப்பேன்."

வாத்தியார் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அருமைநாயகம் வந்துவிட்டான். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல், கையில் ஒரு பனங்கற்கண்டுப் பொட்டலத்தோடு வெயிலிலேயே நின்றான்.

வாத்தியார் அவனிடம் போனார். மன்னித்துவிட்டேன் என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், தம்பிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், முகம் அப்படியே தாயாரின் முகமாகியிருந்தது.

"அண்ணே" என்றான் அவன்.

"எல, அவ முகத்த எனக்குக் காட்டலியேல!" என்று கத்தினார் வாத்தியார். "ஒரே ஒரு தடவை காட்டிட்டுப் பெட்டிய மூடியிருக்கக் கூடாதால? நீ செஞ்சது பாவம்ல. பெரிய பாவம்ல."

சொல்லிக்கொண்டே தம்பியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியை விடவில்லை. அறுபத்து மூன்று வயது மனிதர் வாய்விட்டு அழுதார்.

"ஆமாண்ணே, பாவந்தான்" என்று அருமைநாயகம் அண்ணனின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மாசானம் பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஐயா இப்படி அழுறாரு? வலிக்குதோ?"

"ஆமா" என்றார் அம்மாள், அவர் காலில் கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே. "நல்லா வலிக்குது."

மாசானம் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"குடுத்து வச்சவரு" என்றார்.