மிருதங்கத்துக்கு ரவை வந்த கதை

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதர்களோடு வம்பளந்துகொண்டிருந்த நாட்களில், மிருதங்கத்தின் வலப்பக்கத்தில் மட்டும்தான் கருப்பு வட்டம் இருந்தது. இடப்பக்கம் வெறும் தோல். தட்டினால் காய்ந்த முறத்தைத் தட்டியது போலச் சத்தம் வரும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இடது கை சும்மா இருக்கக் கூடாதே என்று அவ்வப்போது ஒரு தட்டுத் தட்டுவார்கள், அவ்வளவுதான்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சாத்தன் என்றொரு மிருதங்கக்காரன் இருந்தான். வயது நாற்பதைத் தொட்டிருந்தது. அவன் வலது கை விரல்கள் ஓடும் வேகத்தைப் பார்த்து ஊரே வாயைப் பிளக்கும். அவனும் தன் வலது கையைத் தானே ரசித்துக்கொண்டு வாசிப்பான். இடது கை என்று ஒன்று இருப்பது, சாப்பாட்டின் நடுவே தண்ணீர்ச் செம்பை எடுக்கும்போதுதான் அவனுக்கு நினைவு வரும்.

வெண்ணி என்ற பாடகிக்கு அவன் பதினெட்டு வருடமாக வாசித்து வந்தான். வெண்ணியின் குரல் மேலே ஏறும்போதைவிடக் கீழே இறங்கும்போதுதான் கேட்பவர் மனதைக் கரைக்கும். ஆடி மாதத்தில் ஒருநாள் பாட்டு முடிந்ததும் அவள் சொன்னாள்:

“சாத்தண்ணே, கோவிச்சுக்காதீங்க. நான் கீழ எறங்கிப் பாடறப்ப நீங்க மேலயே நின்னுக்கிட்டுப் படபடன்னு அடிக்கிறீங்க. கெணத்துல எறங்கினவளை விட்டுட்டுக் கயித்தைச் சுருட்டிக்கிட்டுப் போன மாதிரி இருக்கு எனக்கு.”

“எடப்பக்கத் தோலு அப்படித்தான் பேசும் வெண்ணி. நான் என்ன செய்ய?”

“தை மாசம் ஆத்துத் திருவிழா வருது. ஏழு நாளும் பாடணும். அதுக்குள்ள ஏதாவது செய்ங்க. இல்லைன்னா வேற ஆளைத்தான் உக்கார வைக்கணும். மனசில்லாமத்தான் சொல்றேன்.”

சாத்தனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இன்னொருவன் உட்கார்ந்திருப்பதை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மறுநாள் குளத்தங்கரையில் போய் உட்கார்ந்து இடப்பக்கத்தை அடி அடியென்று அடித்தான். உள்ளங்கை கன்றிச் சிவந்ததுதான் மிச்சம். தோல் ‘டக் டக்’ என்றது.

தாழம்புதரிலிருந்து ஒரு செம்போத்து தலையை நீட்டியது. செம்போத்தின் குரலைக் கேட்டிருப்பீர்கள். ‘கூப், கூப்’ என்று வயிற்றிலிருந்து வரும்.

“ஏன்யா, இப்படிப் போட்டு அடிச்சா அது அழுமா, பாடுமா?” என்றது செம்போத்து.

“உனக்கு மட்டும் எப்படி இவ்வளவு கீழ வருது?”

“விடிஞ்சதும் வயல்ல எறங்கி நத்தை தின்பேன். தொண்டை ஈரமா, கனமா ஆயிடும். அப்புறம்தான் கூவுவேன். வறண்ட தொண்டையில கீச்சுக் கீச்சுன்னுதான் வரும்.”

ஈரம், கனம். சாத்தன் அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டான். தோலில் தண்ணீர் தெளித்தான்; தொளதொளவென்று ஆனது. களிமண் அப்பினான், இரண்டு தட்டில் மடியில் கொட்டியது. மண் படிந்த வேட்டியோடும் மிருதங்கத்தோடும் அடுக்களைக்குள் நுழைந்தவனைப் பார்த்து அவன் மனைவி மருதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் பலகாரத்துக்கு ரவை பிசைந்துகொண்டிருந்தாள்.

“இதை மொதல்ல வெளியில கொண்டு போங்க!” என்று பிசைந்த கையாலேயே மிருதங்கத்தைத் தள்ளினாள். அவள் கையிலிருந்த ரவை இடப்பக்கத்துத் தோலில் அப்பிக்கொண்டது. அதைத் துடைக்கப்போன சாத்தனின் கை தோலில் பட்டது.

‘கும்’ என்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “இன்னொரு தடவை தட்டுங்க” என்றாள் மருதி மெதுவாக. அன்று வீட்டில் பலகாரம் இல்லை.

நாதம் கிடைத்துவிட்டது. ஆனால் அதை வாசிக்கக் கை வேண்டுமே! சாத்தனின் இடது கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. வலது கை பத்து வயதில் படித்த முதல் பாடத்தை இடது கைக்கு நாற்பது வயதில் ஆரம்பித்தான். தினமும் ரவையை அப்பிக்கொண்டு ஒரே தட்டை நூறு முறை, இருநூறு முறை தட்டினான். மாடு ஓட்டிப் போகிறவர்கள் நின்று சிரித்தார்கள். “சாத்தனுக்கு மறந்துபோச்சு போல” என்றார்கள். அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை. ஐப்பசி மழையில் செம்போத்து கூவினால் இவன் பதிலுக்குத் தட்டுவான். மார்கழி முடிவதற்குள் எது பறவை, எது மிருதங்கம் என்று மருதிக்கே சந்தேகம் வந்தது.

திருவிழாவின் முதல் நாள் காலை வெண்ணி பாடினாள். குரல் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கியது. அடியில் அவள் கால் வைத்த இடத்தில் சாத்தனின் ‘கும்’ காத்திருந்தது. வெண்ணி பாட்டை நிறுத்தாமலே திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். பதினெட்டு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

சாத்தனுக்குக் கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவன் வழக்கம்போல ரவையைச் சுரண்டி எடுக்கப் போனான். கை வரவில்லை. இதை எடுத்துவிட்டால் நாளைக்கு அதே நாதம் வருமா? வராவிட்டால்? பாவம், பயந்துவிட்டான். ரவையை அப்படியே விட்டு, பட்டுத்துணியால் மிருதங்கத்தைச் சுற்றி வைத்தான்.

இரண்டாம் நாள் துணியைப் பிரித்தபோது ரவை ஓடாகக் காய்ந்திருந்தது. புதிதாக அப்ப நேரமில்லை. வெண்ணி பாடத் தொடங்கிவிட்டாள். முதலில் ‘சட் சட்’ என்றது. அவள் கீழே இறங்கிய நேரத்தில் சாத்தன் பதறிப்போய் ஓங்கித் தட்டினான். காய்ந்த ரவை வெடித்தது. அது பிடித்திருந்த தோலும் கூடவே கிழிந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வெண்ணி தனியாகப் பாடி முடித்தாள்.

சாத்தன் குளத்தங்கரையில் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். செம்போத்து புதரை விட்டு வந்து பக்கத்தில் நின்றது. சற்று நேரத்தில் வெண்ணியே அங்கே வந்தாள்.

“வேற ஆளைப் பாத்துக்க வெண்ணி. கெடைச்சதைக் கெட்டியாப் பிடிச்சு வெக்கணும்னு நெனைச்சேன். கிழிச்சுட்டேன்.”

“இன்னிக்குக் காலையில என் தொண்டையில நேத்துப் பாட்டா இருந்துச்சு? வெறும் கரகரப்புதான் இருந்துச்சுண்ணே. தெனமும் அதுலேருந்துதான் மறுபடி ஆரம்பிக்கிறேன். எனக்கும் தெனமும் பயந்தான்” என்றாள் வெண்ணி. “தோலை மாத்திக்கிட்டு வாங்க.”

அடுத்த நான்கு நாளும் அவள் பக்கத்து இடத்தைக் காலியாக விட்டுத்தான் பாடினாள்.

ஏழாம் நாள் சாத்தன் புதுத் தோலோடு வந்தான். கையில் ஒரு கிண்ணத்தில் ரவை. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அதைப் பிசைந்து, ஒரு கிள்ளு அப்பித் தட்டிப் பார்த்தான். வரவில்லை. இன்னொரு கிள்ளு அப்பினான். அப்போதும் வரவில்லை. காது மடல் சிவக்க, மறுபடி தட்டினான். சிரித்தவர்கள் மெல்ல அடங்கினார்கள். வெண்ணி அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். ஐந்தாவது கிள்ளில் ‘கும்’ என்றது. அன்று அவர்கள் பாடியதையும் வாசித்ததையும் கேட்டவர்கள் உச்சிவெயிலிலும் எழுந்து போகவில்லை.

பாட்டு முடிந்ததும், அந்த நல்ல நாதத்தைச் சாத்தன் எல்லார் முன்னாலும் தன் கையாலேயே சுரண்டி எடுத்தான். நாளைக்கு வருமோ என்ற பயம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் ஒரு பொட்டு மிச்சம் வைக்கவில்லை.

அன்று முதல்தான், எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும், ஈர ரவையைக் கிள்ளிக் கிள்ளி அப்பி, இன்று வருமா என்று தட்டிக் கேட்ட பிறகே மிருதங்கம் வாசிக்கிறார். வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டிப் போட்டுவிட்டு, வெறும் தோலோடு வீட்டுக்குப் போகிறார்.