ஒரே கரிதான் எரிய வேண்டும்

முன்னொரு காலத்தில், கடலோரத்து ராஜ்யம் ஒன்றில் ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் வைத்தியர் பார்த்துத் தீராத வியாதி ஒன்று அவருக்கு இருந்தது. எதை எடுத்தாலும் “இதில் எது உசத்தி?” என்று கேட்பார். பதில் கிடைத்துவிட்டால் உசத்தியானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒழித்துக்கட்டச் சொல்லிவிடுவார். முந்தின வருஷம் மாம்பழத்தில் இந்த ஆராய்ச்சி நடந்தது. ஒரு ஜாதி ஜெயித்தது, மற்ற மரமெல்லாம் கோடரிக்குப் போனது. ஜெயித்த மாங்காய் ஊறுகாய்க்கு ஆகாது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வருஷம் பூராவும் ராஜா உட்பட எல்லாரும் ஊறுகாய் இல்லாமல் மோர்சாதம் சாப்பிட்டார்கள். அப்படியும் அவர் திருந்தவில்லை.

அந்த அரண்மனையில் விகடகவியாக இருந்தவன் சடைமாயன். ஆள் ஒல்லி, நாக்கு மட்டும் நீளம். ராஜாவைச் சிரிக்கவைப்பது அவன் உத்தியோகம். அதில் மற்ற அதிகாரிகளுக்கு வயிறு எரிந்தது. எல்லாரையும்விட அதிகமாக எரிந்தது பண்டகசாலை அதிகாரி திருவடிப்பிள்ளைக்கு. சபையில் அவர் கொட்டாவி விடுகிற அழகைச் சடைமாயன் ஒருநாள் நடித்துக் காட்ட, ராஜா சிம்மாசனத்தை விட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். திருவடிப்பிள்ளை அன்றிலிருந்து சமயம் பார்த்துக் காத்திருந்தார்.

சமயம் ஒரு கப்பலில் வந்தது. மேற்குக் கடலுக்கு அப்பாலிருந்து மர்வான் என்ற வியாபாரி வந்து இறங்கினார். நம் கரையில் பல வருஷம் பழகியதால் அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும். ராஜாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“மகாராஜா, எங்கள் துறைமுகத்தில் தெருவுக்குத் தெரு இறைச்சி சுடும் கடைகள். விறகு கிடையாது, எல்லாம் மணல். கப்பல் நிறையக் கரி வேண்டும். நான்கு நாளில் காற்று திரும்பும், அதற்குள் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும்.”

ராஜாவின் கண் பளபளத்தது. “நம் ராஜ்யத்தில் எத்தனை விதக் கரி இருக்கிறது?”

மூன்று விதம் இருந்தது. காட்டுப் பக்கம் கருவேலமரத்தை வெட்டிச் சூளை போட்டு எடுக்கிற கட்டைக் கரி. அந்தக் காட்டின் குத்தகை திருவடிப்பிள்ளையின் மைத்துனர் கையில். மலையடிவாரத்தில் மூங்கில் கரி. கடற்கரையில் தேங்காய்ச் சிரட்டையைக் குழியில் போட்டுச் சுட்டு எடுக்கிற சிரட்டைக் கரி. அதை நாற்பது குடும்பங்கள் செய்துவந்தன. அவர்களுக்குத் தலைவி இருளாயி என்ற பெண்மணி.

“இதில் எது உசத்தி?” என்றார் ராஜா. சபையே மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டது.

திருவடிப்பிள்ளை எழுந்தார். “சோதித்துவிடலாம் மகாராஜா. மூன்றையும் சம எடைக்கு நிறுத்து, ஒரே நேரத்தில் பற்றவைப்போம். எது கடைசிவரை அணையாமல் கிடக்கிறதோ அதுவே சிறந்தது.”

முற்றத்தில் மூன்று அடுப்பு வைத்தார்கள். மூங்கில் கரி பற்றவைத்ததும் குப்பென்று பிடித்தது, ராஜா வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் சாம்பலானது. சிரட்டைக் கரி புகையே இல்லாமல் கனகனவென்று சிவந்து, பக்கத்தில் நிற்க முடியாத சூடு கொடுத்து, மத்தியானத்துக்குள் அடங்கியது. கருவேலங்கரி பிடிக்கவே வெகுநேரம் எடுத்துக்கொண்டது. பிடித்தபிறகு வெயில் சாய்ந்தும் உள்ளே கங்கு இருந்தது. ஜெயித்தது அதுதான். சோதனையில் ஒரு திருட்டுத்தனமும் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.

ராஜா அப்போதே ஓலை எழுதச் சொன்னார். “இன்று முதல் இந்த ராஜ்யத்தில் கருவேலங்கரி ஒன்றே எரிய வேண்டும். கப்பலிலும் அதுவே ஏற வேண்டும். வேறு கரி எரிப்பவர், எரிக்கச் சொல்பவர், யாராயினும் சரி, ஒரு மாதம் சிறை. சிரட்டைக் குழிகளும் மூங்கில் சூளைகளும் மண் போட்டு மூடப்பட வேண்டும்.”

“இந்த ஆணையை நிறைவேற்ற நம் விகடகவியே தகுந்தவர்,” என்றார் திருவடிப்பிள்ளை தேன் ஒழுக. “கடற்கரை ஜனங்கள் எல்லாரும் அவருக்கு வேண்டியவர்கள். அவர் சொன்னால் கேட்பார்கள்.”

அரண்மனை வேலை கிடைப்பதற்கு முன் ஆறு மாதம் சடைமாயனைப் பட்டினி போடாமல் காப்பாற்றியது அந்தக் கடற்கரைதான். இருளாயி சுட்டுப்போட்ட கருவாட்டில் வளர்ந்த உடம்பு இது. மண் போட்டால் அவன் மனுஷனில்லை. போடாவிட்டால் ராஜத் துரோகம், தலை நிற்காது. திருவடிப்பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

சடைமாயன் குனிந்து வணங்கினான். “ஆணையை ஒரு சொல் குறையாமல் நிறைவேற்றுகிறேன் மகாராஜா. எங்கிருந்து தொடங்கட்டும்?”

ராஜாவுக்குப் பெருமை பொங்கியது. “என் ஆணை என் அரண்மனையிலேயே தொடங்கட்டும்.”

“அப்படியே ஆகட்டும்,” என்றான் சடைமாயன்.

மறுநாள் விடிந்ததும் கடற்கரைக்குப் போனான். செய்தி அவனுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. இருளாயி ஆறிப்போன குழியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். கரி படிந்த கையை முந்தானையில் துடைத்தாள்.

“மண்ணு போடவா வந்திருக்க தம்பி?”

“இன்னும் இல்லக்கா. அரண்மனையில இருந்து தொடங்கச் சொல்லியிருக்காரு. அரண்மனை பெருசு.”

“நாப்பது குடும்பம்டா. சிரட்டை வெந்துருச்சான்னு புகையோட நெறத்தப் பாத்தே சொல்லுவோம். எப்ப குழிய மூடணும், எத்தன நாளு ஆறவிட்டு மூட்டை கட்டணும், அது தெரியும். வேற என்னா தெரியும் எங்களுக்கு? இத வச்சுக்கிட்டு எந்த ஊருக்குப் போயி பொழைக்க?”

சடைமாயனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “ரெண்டு நாள் குடுக்கா,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு நடந்தான்.

அங்கே மர்வான் கப்பலருகே கவலையாக உட்கார்ந்திருந்தார். இத்தனை அமர்க்களத்தில் யாருமே அவரிடம் கேட்காத ஒரு கேள்வியைச் சடைமாயன் கேட்டான்.

“ஐயா, இந்தக் கரியில் நீங்கள் என்ன சமைப்பீர்கள்?”

மர்வான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இரண்டு விதம், தம்பி. முழு ஆட்டைக் கம்பியில் மாட்டி அரைநாள் சுற்றிச் சுற்றிச் சுடுவது ஒன்று. அதற்கு உங்கள் கருவேலங்கரி மாதிரி உலகத்தில் இல்லை. இன்னொன்று, சின்னத் துண்டுகளாகக் குச்சியில் கோத்துச் சுடுவது. வாங்குகிறவன் நின்றுகொண்டே இருப்பான், அவன் கண் முன்னால் வெந்து கைக்குப் போக வேண்டும். கூடாரத்துக்குள் சுடுவதால் புகை ஆகாது. அதற்குச் சிரட்டைக் கரிதான். பாதிக்குப் பாதி இரண்டும் வேண்டும் எனக்கு. இங்கே ஒன்றுதான் கிடைக்கும் என்றால், அடுத்த ராஜ்யத்துத் துறைமுகத்தில் போய் இரண்டையும் வாங்கிக்கொள்வேன். யாரும் கேட்கவில்லை, நானாக எப்படி ராஜாவிடம் சொல்வது?”

சடைமாயன் மூச்சை நிம்மதியாக இழுத்து விட்டான். இதை ராஜாவிடம் நேராகச் சொன்னால் ஏறாது என்பது ஊறுகாய் விஷயத்திலேயே அவனுக்குத் தெரியும். ராஜாவுக்குக் காது வழியாக எதுவும் போகாது, உடம்பு வழியாகத்தான் போகும். “நாளை மத்தியானம் அரண்மனையில் உங்களுக்கு விருந்து,” என்று சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் ராஜாவுக்கு எண்ணெய் ஸ்நானம். தலை முழுகியதும் சாம்பிராணிப் புகை போட்டுத் தலை உலர்த்துவது வழக்கம். அதற்கு எப்போதும் இரண்டு துண்டு சிரட்டைக் கரி, கண் மூடித் திறப்பதற்குள் கங்காகிவிடும். அன்றைக்குத் தூபக்காலில் இருந்தது ஒரு கருவேலங்கட்டை. தூபக்காலை விடப் பெரிசு.

“இது என்ன?” என்றார் ராஜா.

“உசத்தியான கரி, மகாராஜா. ஊதச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கரியின் அருமை அறிந்தவரே ஊதினால்தான் மரியாதை என்று பண்டகசாலை அதிகாரியை அழைத்திருக்கிறேன்.”

திருவடிப்பிள்ளை குனிந்து ஊதினார். கரி பிடிக்கவில்லை. மறுபடி ஊதினார். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, கரித்தூள் முகமெல்லாம் அப்பிக்கொண்டது. ராஜா ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு வழியாகக் கரி பிடித்தபோது சடசடவென்று பொறி வெடித்து ராஜாவின் பட்டுத் துண்டில் நாலு ஓட்டை போட்டது. ராஜா ஏழு தடவை தும்மினார்.

இதற்கிடையே அந்தப்புரத்திலிருந்து ஆள் வந்தது. மகாராணியின் தோட்டில் கல் கழன்றுவிட்டதாம். தட்டான் ஊதுகுழலோடு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறானாம். கட்டைக் கரியில் பொட்டளவு இடத்துக்குச் சூடு கொண்டுவர முடியவில்லையாம். மகாராணி ஒற்றைத் தோட்டோடு விருந்துக்கு வரமாட்டாராம்.

ராஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

மத்தியானம் முற்றத்தில் விருந்து. விடியலிலேயே கருவேலங்கரியில் ஏற்றியிருந்த முழு ஆடு, பொன்னிறமாக எலும்பை விட்டுக் கழன்றது. எல்லாரும் ஒரு துண்டு சாப்பிட்டு வாயடைத்துப் போனார்கள். “பார்த்தாயா, என் கரியை?” என்றார் ராஜா, அன்று முதல்முறையாக முகம் மலர்ந்து. சடைமாயனும் மனதார ஆமோதித்தான்.

“அடுத்து, நம் விருந்தாளியின் ஊர்த் தெருக்களில் பேர்போன குச்சி இறைச்சி,” என்றான்.

மசாலா தடவிய துண்டுகளின் வாசனை ராஜாவை இழுத்தது. புது அடுப்பில் புதுக் கருவேலங்கரி. சமையற்காரன் விசிறினான், விசிறினான், விசிறிக்கொண்டே இருந்தான். புகை ராஜாவின் கண்ணில் போனது. முதல் குச்சி வந்தபோது மேலே புகை நாற்றம், உள்ளே பச்சை. இரண்டாவது குச்சியும் அப்படியே. ராஜாவுக்குக் காலையிலிருந்து அடக்கிவைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

“சடைமாயா, சட்டென்று பிடிக்கிற கரி ஏதாவது கொண்டுவரச் சொல். அந்தச் சிரட்டைக் கரியையே கொண்டுவா.”

சடைமாயன் மடியிலிருந்து ஓலையை எடுத்து, ராஜமுத்திரையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, நிதானமாக வாசித்தான்.

“‘வேறு கரி எரிப்பவர், எரிக்கச் சொல்பவர், யாராயினும் சரி, ஒரு மாதம் சிறை.’ ஒரு சொல் குறையாமல் நிறைவேற்றுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், மகாராஜா. அரண்மனையிலேயே தொடங்கச் சொல்லித் தாங்களே உத்தரவு. சிறைச்சாலையைக் காலையில் கழுவிவிடச் சொன்னேன். தயவுசெய்து இந்தப் பக்கம் எழுந்தருள வேண்டும்.”

கை கூப்பி வழி காட்டி நின்றான்.

ராஜா அவனையே பார்த்தார். பிறகு தன் ஓட்டைத் துண்டைப் பார்த்தார். கழுவியும் போகாமல் கரி அப்பிய திருவடிப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். மெல்ல மர்வான் பக்கம் திரும்பினார்.

“உமக்குத் தேவை இந்த ஒரு கரி மட்டும் இல்லையா?”

“இரண்டும் தேவை, மகாராஜா. எது நீளமாக எரியும் என்று சோதித்தீர்கள். நான் என்ன சமைப்பேன் என்று விகடகவி மட்டும்தான் கேட்டார்.”

ராஜாவுக்கு எங்கோ அடிபட்டது. போன வருஷத்து மாமரங்கள் அவர் கண் முன் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் தலை குனிந்துகொண்டார். அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் நீர் வழிய, தரையில் இறங்கி உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் எழுந்து ஆணை ரத்து என்றார். சிரட்டை மூட்டையும் கட்டை மூட்டையும் கப்பலில் பாதிக்குப் பாதி ஏறட்டும், மூங்கில் சூளையும் எரியட்டும், தட்டான் முதல் வேலையாகத் தோட்டை ஒட்டட்டும் என்றார்.

ஆனால் வியாதி அவ்வளவு சீக்கிரம் போகுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “சடைமாயா, உண்மையைச் சொல். என் சபையில் யார் உசத்தி?”

திருவடிப்பிள்ளை கரி முகத்தோடு காதைத் தீட்டிக்கொண்டார். சடைமாயன் யோசித்தான்.

“தாங்கள் இப்போது என்ன சமைக்கப்போகிறீர்கள், மகாராஜா?”

ராஜா மறுபடி தரைக்கு வந்துவிட்டார். தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டு, வேறென்ன வேண்டுமோ கேள் என்றார். ரத்தான ஆணையோலை போதும் என்றான் சடைமாயன்.

சாயங்காலம் அதை இருளாயியின் கையில் கொடுத்தான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னடா தம்பி எழுதியிருக்கு?”

“ஒன்னுமில்லக்கா. நல்லா காஞ்ச ஓலை.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணில் நிறைந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்ததில் முகமெல்லாம் கரியானது. நாற்பது வீட்டு ஜனமும் சுற்றி நிற்க, புதுச் சிரட்டை நிரப்பிய குழிக்குள் குனிந்து, அந்த ஓலையிலேயே நெருப்பை வைத்தாள்.