பன்னிரண்டு நாள் பொய்

பவித்ரன்தான் முதலில் தப்பு செய்தவன். சடையாண்டி அதை யாரையும் மறக்க விடுவதாக இல்லை.

ரத்த வங்கியின் குளிர் அறைச் சாவி இருபத்திரண்டு வருடம் சடையாண்டி இடுப்பில் இருந்தது. படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் அவர் கையில் ஒரு பை ரத்தம் வீணானதில்லை.

பிறகு, கெடுதேதி சொல்ல ஒரு கணினித் திரை வந்தது. ஒரு நாள் அது பதினெட்டுப் பைகளைக் கெட்டுப்போனதாகக் காட்டியது.

திரைக்கு நிரல் எழுதிய பவித்ரனுக்கு அவர் போன் போட்டார். "தம்பி, பை நல்லாத்தானே இருக்கு?"

"திரை சொல்றதைச் செய்யுங்க பெரியவரே. கொட்டுங்க."

கொட்டினார். பதினெட்டும் நல்ல ரத்தம்.

விசாரணையில் பத்துப் பேர் முன்னால் பவித்ரன் சொன்னான்: "பாவம், அவருக்குத் தேதி வாசிக்கத் தெரியல."

அன்றைக்கே சாவி போயிற்று.

சடையாண்டி மலையடிவாரத்துக்குப் போனார். நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கும் உலகநாயகி அங்கே இருந்தார். பவித்ரனுக்கும் அவர்தான் குரு.

"என்ன வேணும் அண்ணாச்சி?"

"சாவி வேணும். உங்க சீடன் வாயால மன்னிப்பு வேணும்."

"திரை எப்பவும் தப்பாவா சொல்லுது?"

"இல்லம்மா. கெடுதேதி மாசத்துல பன்னெண்டாம் தேதிக்குள்ள இருந்தா பொய் சொல்லும். பதிமூணு ஆயிட்டா அரிச்சந்திரன்."

உலகநாயகி எழுந்து நின்றுவிட்டார்.

"இதைப் பவித்ரன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். சிரிச்சான்."

குரு பவித்ரனையும் மரியசெல்வியையும் கூப்பிட்டார். பைகளில் ஒட்டும் சீட்டுக்கு நிரல் எழுதியவள் மரியசெல்வி.

சுவரில் அடுத்த வருடத்து நாள்காட்டி, ஒரு தாளும் கிழிக்காமல் தொங்கியது. குரு ஒரு துண்டுக் காகிதத்தில் 05-06 என்று எழுதினார்.

"இந்தத் தேதித் தாளைக் கிழிச்சுட்டு வாங்க."

மரியசெல்வி ஜூன் ஐந்தைக் கிழித்து வந்தாள்.

பவித்ரன் மே ஆறைக் கிழித்து வந்தான்.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

குரு காகிதத்தைச் சடையாண்டியிடம் நீட்டினார். அவர் நாள்காட்டி வரைக்கும் போனார். வெறுங்கையோடு திரும்பினார்.

"ஏன் அண்ணாச்சி?"

"எழுதினது நீங்க. இதுல எது நாளு, எது மாசம்? கேக்காம கிழிச்சா, பிறகு ஒட்டவா முடியும்?"

பவித்ரன் கையில் இருந்த தாளை நான்காக மடித்தான்.

"எல்லாரும் நாளைத்தான் முதல்ல எழுதுவாங்க," என்றாள் மரியசெல்வி.

"நான் படிச்ச பாடத்துல மாசம்தான் முதல்ல. பன்னெண்டுக்கு மேல போனாத்தான் திரை அதை நாளுன்னு எடுத்துக்கும்," என்றான் பவித்ரன்.

"நான் சீட்டுக்கு நிரல் எழுதும்போது நீ கேட்டிருக்கலாம்ல?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

குரு சடையாண்டியைப் பார்த்தார். "உங்க அறையில நீங்க எப்படி அடுக்குவீங்க?"

"வருசம் முதல்ல. அதுக்குள்ள மாசம். அதுக்குள்ள நாளு. அஞ்சுன்னு ஒத்தையா எழுத மாட்டேன், முன்னால ஒரு சுழி போட்டுருவேன். எல்லாத் தட்டுக்கும் ஒரே மாதிரி அட்டைதான். கரண்டு போனாலும் கை வரிசை தப்பாது."

"எழுதிக்கோ," என்றார் குரு பவித்ரனிடம். "தேதி வர்ற எல்லா இடத்துலயும் இப்படித்தான்."

"நானூறு இடம் இருக்கு குருவே."

"நானூறுலயும்."

"இந்த விதிக்கு என்ன பேர் வைக்க?" என்று கேட்டாள் மரியசெல்வி.

"சடையாண்டி முறை."

சடையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

குரு போனை எடுத்து ரத்த வங்கி மேலாளரிடம் நாலு வார்த்தை பேசினார். "நாளைக்குக் காலையில சாவி உங்க கையில இருக்கும் அண்ணாச்சி."

சாயங்காலத்துக்குள் பவித்ரன் நானூறு இடத்தையும் திருத்தினான். ஒரு தடவைகூடத் தலை நிமிரவில்லை. வாயும் திறக்கவில்லை.

சடையாண்டி வாசலை விட்டு நகரவில்லை.

"இன்னும் என்ன அண்ணாச்சி?"

"ரெண்டு கேட்டேன். ஒண்ணுதான் வந்திருக்கு."

குரு கை கூப்பினார். "அவன் என் சீடன். அவனுக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"கைய இறக்குங்க அம்மா," என்றார் சடையாண்டி. "கொட்டச் சொன்னது உங்க வாயா?"