லங்கனத்துக்கு ஒரு கறவை மாடு

கீழமங்கலம் வெல்ல மண்டி குற்றாலிங்கம் பிள்ளைக்கு வயிறு கல்லாகிவிட்டது. மகள் கல்யாணம் நெருங்குகிறது. பந்தியில் உட்கார முடியாதே என்பதுதான் அவர் கவலை. குணப்படுத்துகிறவருக்குக் கொட்டிலில் நிற்கும் கறவை மாடு என்று ஊரறியச் சொல்லிவிட்டார்.

வைத்தியர் ஆவுடைநாயகம் நாடி பார்த்து, "லங்கனம்" என்றார்.

"அது என்ன மருந்துவே?"

"உடம்பை லேசாக்கும்." வாயில் பழுப்பேறிய துணி கட்டிய ஜாடி ஒன்றை எடுத்து வைத்தார். "நல்லாப் பசிச்ச பிறகு இதுல ஒரு சிட்டிகை. அதுவரைக்கும் வெந்நீர்தான். வேறெதையும் தொட்டா மருந்து வேலை செய்யாது. ஜாடி திரும்ப வேணும், அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகணும்."

அன்று சமையல்காரர் பிச்சையா மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போனவர், சமையலறையைப் பூட்டிய சாவியை மறதியாக இடுப்பிலேயே கொண்டுபோய்விட்டார். மனைவி கோமதியம்மாள் கொல்லை அடுப்பில் வைத்துக் கொடுத்த வெந்நீரைக் குடித்தபடி பிள்ளை பசிக்குக் காத்திருந்தார். மறுநாள் சாயங்காலம் வயிறு இளகியது; பசியும் வந்தது. வந்த வேகத்தில் ஜாடி நினைவே இல்லை. பக்கத்து வீட்டில் கஞ்சி வாங்கிக் குடித்தார். குணமாகிவிட்டது.

மாடு கோமதியம்மாளின் பிறந்த வீட்டுச் சீர் என்பதால், அது யாருக்கு என்ற தீர்ப்பு அவரிடம் வந்தது.

"மாட்டை அவிழ்க்கலாமா?" என்றார் வைத்தியர்.

"ஜாடி முடிச்சே அவிழலை, மாட்டை அவிழ்க்க வந்துட்டீரு!" என்றார் பிள்ளை.

ஊரிலிருந்து திரும்பியிருந்த பிச்சையா குறுக்கிட்டார். "சாவி இங்க இருந்திருந்தா முதலாளி ராத்திரியே முறுக்கு டின்னைத் தேடியிருப்பாக. பட்டினி போட்டது நான்."

"பட்டினி கிடந்தது யாருலே? நானாக்கும். மாடு எனக்கே!" என்றார் பிள்ளை.

கொட்டிலில் மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

கோமதியம்மாள் கயிற்றை யார் கையில் கொடுத்திருப்பார்? எதனால்?

விடை: வைத்தியர் கையில். ஆயுர்வேதத்தில் லங்கனம் என்பது உடலை லேசாக்கும் சிகிச்சை. பட்டினி அதில் ஒரு வகை. காத்திருந்ததுதான் மருந்து, ஜாடி அல்ல. சாப்பிடாதே என்றால் கேட்காத மனிதர், மருந்து வேலை செய்யாது என்றதும் கேட்டார். பழுப்பேறிய அந்தத் துணியை எந்த வீட்டிலும் யாரும் அவிழ்த்ததில்லை; அதனால்தான் அதே ஜாடி அடுத்த வீட்டுக்கும் போகிறது. பிச்சையாவின் பூட்டு யாரையும் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கஞ்சி முதல் நாளும் கிடைத்திருக்கும். பிள்ளை நோயாளி, குணமானதே அவருக்குப் பரிசு. அம்மாள் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது கட்டிதட்டிப்போன சுக்குப் பொடி.

மாடு வாசலைத் தாண்டும்போது பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "ஓய், தினம் கொஞ்சம் பாலாவது அனுப்பும்."

"பசிச்ச பிறகு சொல்லி அனுப்பும்" என்றார் வைத்தியர்.