சங்கிலிக்கு வரவேண்டிய ஓவர்டைம்

உப்பங்கரைக்காரர்களை யாராவது கேலி பேசினால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் எதையும் யோசிக்காமல் செய்கிறவர்கள் இல்லை. நன்றாக யோசித்துத்தான் செய்வார்கள். வம்பே அங்கேதான் ஆரம்பிக்கும்.

அந்த ஊரில் கலியமூர்த்தி ஒரு ஐஸ் கம்பெனி வைத்திருந்தார். மனைவி செண்பகவல்லியின் ரெட்டை வடச் சங்கிலியை டவுன் அடகுக்கடையில் வைத்துத்தான் அதை ஆரம்பித்தார். வருகிற வியாழக்கிழமை அவள் தம்பிக்குக் கல்யாணம். வெறும் தாலிக்கயிற்றோடு பிறந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நல்லவேளையாக மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, மறுநாள் விடியற்காலை படகுகள் கடலுக்குக் கிளம்ப இருந்தன. படகுக்காரர் ஒருவர் ஐஸ் முழுவதையும் இவரிடமே எடுப்பதாகப் பேச்சு. அந்தப் பணம் வந்தால் சங்கிலி கழுத்துக்கு வந்துவிடும்.

படகு கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் கலியமூர்த்தி ஆட்களைக் கூப்பிட்டார். எல்லாரும் மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். ஐஸ் பார்களை வெளியே எடுத்து மேடையில் அடுக்கியாகிவிட்டது. துறைக்குத் தள்ளிக்கொண்டுபோய்ப் படகில் ஏற்றுவதுதான் பாக்கி.

“எட்டு மணி நேரத்துக்கு எப்பவும்போலக் கூலி. அதுக்கு மேல போனா ஓவர்டைம். மணிக்கு ரெட்டைக் கூலி. சட்டமே அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு, வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டுவர டவுனுக்குப் பஸ் ஏறினார்.

ஆட்கள் கூடி உட்கார்ந்தார்கள். அவர்களில் அறிவாளி வீரபாகு. கண்ணை மூடிக்கொண்டுதான் யோசிப்பான். சில சமயம் குறட்டையும் வரும்.

“அதே ஐஸு, அதே வண்டி. இப்பத் தூக்குனா ஒத்தைக் கூலி. எட்டு மணி நேரம் கழிச்சுத் தூக்குனா ரெட்டைக் கூலி. எப்பத் தூக்கலாம்?” என்று கேட்டான்.

“கழிச்சுத்தான்” என்றார்கள் எல்லாரும்.

“அப்ப அந்த எட்டு மணி நேரம் அது பாட்டுக்குப் போகட்டும். நாம குறுக்க நிக்க வேண்டாம்.”

தேசிங்கு என்ற ஒருவனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. வெயில் ஏறுகிறதே, ஐஸ் மேல் சாக்காவது போடலாமே என்றான். சாக்குப் போடுவது வேலையா இல்லையா என்று வெகுநேரம் விவாதம் நடந்தது. வேலைதான் என்று முடிவாயிற்று. அப்படியானால் அதை ஒற்றைக் கூலிக்குச் செய்வானேன்? ஆகவே சாக்குகளை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார்கள். சாக்கை மடிப்பது மட்டும் வேலையில்லையா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கப்போவதில்லை.

சாயங்காலம் எட்டு மணி நேரம் முடிந்ததும் எழுந்தார்கள். அந்தச் சுறுசுறுப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தள்ளுவண்டியே தேவைப்படவில்லை. ஆளுக்கு ஒரு பாரைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார்கள்.

“காலையில ஒரு பாரை நகத்த ரெண்டு பேரு வேண்டியிருந்துச்சு. ஓவர்டைம்னா உடம்புக்குத் தனி பலம் வந்துருது” என்றான் தேசிங்கு. அதைக் கேட்டு ஆளுக்கு இரண்டாகத் தூக்கினார்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய கலியமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. ரெட்டைக் கூலி என்றதும் ரெட்டைச் சுமை தூக்குகிறார்களே, சட்டம் போட்டவன் லேசுப்பட்டவன் இல்லை என்று நினைத்துக்கொண்டார். பார்களை எண்ணிப் பார்த்தார். ஒன்றுகூடக் குறையவில்லை.

படகுக்காரர் வெளியூர். அதனால் அவர் ஐஸை எண்ணவில்லை, பார்த்தார். பாதிப் பணத்தைக் கையில் வைத்துவிட்டு, மீதி ஐஸுக்குப் பக்கத்துத் துறைக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

கூலி கொடுக்கும்போது கலியமூர்த்தி, பகல் எட்டு மணி நேரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். அவர்களுக்குச் சுருக்கென்றது. அந்த நேரத்தில் தாங்கள் தூங்கிக்கொண்டிருந்ததாகவும், உழைக்காத காசு தங்களுக்கு ஒட்டாது என்றும் சொல்லிவிட்டு, ஓவர்டைமை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட நாணயமான ஆட்கள் எந்த ஊரில் கிடைப்பார்கள் என்று அவருக்கு மறுபடியும் கண் கலங்கியது. மிச்சப் பணம் சங்கிலியை மீட்கப் போதாது என்று தெரிந்தபோது, அந்தக் கண்ணீரே அதற்கும் உதவியது.

முதலாளி அழுவதைப் பார்க்க ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. வீரபாகு கண்ணை மூடினான். எல்லாரும் காத்திருந்தார்கள்.

“மொதலாளி, சங்கிலி அந்தக் கடைக்குப் போயி எவ்வளவு காலமாச்சு?”

“ரெண்டு வருசம்.”

“நடுவுல லீவு எடுத்துச்சா?”

“இல்லையேப்பா.”

“ராத்திரியாவது வீட்டுக்கு வந்துச்சா?”

“எங்க வந்துச்சு?”

“அப்பத் தெனம் எட்டு மணி நேரம் போக மிச்சமெல்லாம் ஓவர்டைம். அந்தக் கடைக்காரருதான் நமக்குத் தரணும்.”

மறுநாள் எல்லாரும் திரண்டு டவுனுக்குப் போனார்கள். அடகுக்கடை ஆவுடையப்பன் சிரிக்கவே இல்லை. தொழில் தெரிந்தவர். நியாயமான பேச்சுதான் என்று தலையாட்டினார். முதலில் வட்டியைக் கட்டச் சொல்லி, கலியமூர்த்தியிடம் இருந்த பணத்தை வாங்கிக்கொண்டார்.

“சங்கிலிக்கு ஓவர்டைம் உண்டு. நான் இல்லேங்கலை. ஆனா ஒழைச்சவங்க யாரோ அவங்ககிட்டதான் கூலியைக் குடுக்கணும். அதுவும் சட்டம்தான்” என்றார்.

இரும்புப் பெட்டியைத் திறந்தார். எல்லாரும் பார்க்க அந்தப் பணத்தையே சங்கிலியின் மேல் வைத்துப் பூட்டினார். உப்பங்கரைக்காரர்கள் அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

வாசலிலேயே நின்ற செண்பகவல்லியிடம் கலியமூர்த்தி விஷயத்தைச் சொன்னார். ராவும் பகலும் ரெட்டைக் கூலி ஓடுகிறது, இந்த நேரத்தில் அதைக் கூட்டிவந்து கழுத்தில் தொங்கவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டார். இருட்டுப் பெட்டிக்குள் அது தனியாகக் கிடந்து உழைக்கிறதே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு துணைக்கு இருக்கட்டும் என்று இரண்டு கை வளையல்களையும் கழற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

வியாழக்கிழமை கல்யாணத்துக்குத் தலைநிமிர்ந்து போனாள். நகையெல்லாம் எங்கே என்று அத்தை கேட்டாள்.

“டவுன்ல வேலை பாக்குதுங்க அத்தை. லீவு கெடைக்கலை.”

அத்தை பெருமூச்சு விட்டாள். காதைத் தடவிக்கொண்டே அவளைத் தனியாக அழைத்துப் போனாள்.

“என் தோட்டுக்கும் அங்க ஒரு எடம் சொல்லி வைம்மா. வாங்குன நாளா வீட்டுலேயே இருக்கு.”