பெயருக்கு ஏங்கிய வலி

ஒரே நாளில் இரண்டு வலிகள் புறப்பட்டன. அக்கா வலி, தங்கை வலி. அக்கா, அடுக்குமாடியில் குடியிருந்த நிகிலேஷின் குடலில் போய் உட்கார்ந்தது. தங்கை, ஏரிக்கரை இருளர் குடியிருப்பில் சிந்தாமணியின் குடலில் உட்கார்ந்தது. பிள்ளைகள் இருவருக்கும் பதினோரு வயது.

வலிகளுக்கு ஒரு விதி உண்டு. சரியான பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால்தான் சரியான மருந்து வரும். அது வந்துவிட்டால் வலி ஒரு மூலையில் முடங்கிக்கொள்ளலாம். எந்த வலியும் இதற்குத்தான் ஏங்கும். பிள்ளையைப் பிடுங்கித் தின்றுகொண்டே கிடப்பதில் யாருக்குத்தான் சந்தோஷம்?

இரண்டு பிள்ளைகளுக்கும் வாய்த்தவர் ஒரே டாக்டர். காலையில் அரசு மருத்துவமனை, மாலையில் சொந்த கிளினிக்.

மாலையில் அவர் நிகிலேஷைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். எத்தனை நாளாக, ரத்தம் போகிறதா, எடை குறைந்ததா என்று அரைமணி நேரம் கேட்டார். கேமரா வைத்த குழாயை உள்ளே அனுப்பினார். "கிரோன்ஸ் நோய். நாள்பட்ட குடல் அழற்சி. பயப்படாதீங்கம்மா" என்றார். தன் பெயரைக் கேட்டதும் அக்கா அடங்கியது.

காலையில் சிந்தாமணியின் சீட்டை மட்டும் பார்த்தார். "இருளர் காலனியா? வயித்துப் பூச்சிதான். மாத்திரை குடு" என்றார் நர்ஸிடம். அம்மாவும் மகளும் ஆறு முறை போனார்கள். ஆறு முறையும் பூச்சிதான். ஊர்ப் பெயரிலேயே அவருக்கு ஸ்கேன் ரிப்போர்ட் கிடைத்துவிட்டது போலும்!

மருத்துவமனையில் மாத்திரை தீர்ந்துபோன ஒருநாள், வெளியே மருந்துக்கடையில் அக்காவும் தங்கையும் சந்தித்தன.

"என்னடி, இன்னுமா இவளைப் படுத்துறே? கையெல்லாம் குச்சியாப் போச்சே!"

"நானாக்கா படுத்துறேன்? பூச்சி பூச்சின்னே கூப்பிடுறாங்க. நான் எப்படித் திரும்பிப் பார்க்கிறது?"

"சத்தமாக் கத்திப் பாரேன்."

"கத்தினா இவளுக்குத்தானே வலிக்கும்?"

தேறிவிட்ட நிகிலேஷின் கன்னங்களைத் தங்கை பார்த்துக்கொண்டே நின்றது. இவளும் ஒருநாள் தட்டுச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு விளையாட ஓடமாட்டாளா என்று அதற்கு ஏக்கமாக இருந்தது.

ஏழாவது முறை வந்தபோது, வேறு வழியில்லாமல் தங்கை கத்தியது. சிந்தாமணி மேசை விளிம்பைப் பிடித்தபடி சுருண்டாள்.

"பூச்சி அதிகமாயிடுச்சு. ரெண்டு மாத்திரையாக் குடு" என்றார் டாக்டர்.

அவள் அம்மா வெள்ளச்சி அதுவரை அவரிடம் எதிர்த்துப் பேசியதில்லை.

"சார், நாங்க பாம்பு புடிக்கிறவங்க. வளையப் பாத்தே உள்ள இருக்கிறது நல்லபாம்பா விரியனான்னு சொல்லிடுவோம். ஆனா அதுக்கும் குனிஞ்சு பாக்கணும் சார். ஏழு வாட்டி வந்துட்டோம், எம்பொண்ணு வயித்துல நீங்க கைகூட வைக்கலியே."

டாக்டர் முதன்முறையாக நிமிர்ந்து சிந்தாமணியைப் பார்த்தார். அவர் உதடு பிரிந்தது. இதோ, என் பெயர் வரப்போகிறது என்று தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"நெக்ஸ்ட்" என்றார் டாக்டர்.