மயிலும் குஞ்சம் வைத்த பையும்

ஒரு காட்டில் இரண்டு மளிகைக் கடைகள் இருந்தன. ஒன்று அருவிக்கரைக் கடை. மற்றொன்று புற்றடிக் கடை.

அருவிக்கரைக் கடைக்குள் நுழைந்தாலே இரண்டு மான்கள் தலை குனிந்து வணக்கம் சொல்லும். வாங்கிய பொருளைச் சிவப்புக் குஞ்சம் தொங்கும் ஓலைப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். விலையைக் கேட்டால்தான் கொஞ்சம் தலை சுற்றும்.

புற்றடிக் கடை ஒரு கரடியுடையது. அங்கே வணக்கமும் கிடையாது, குஞ்சமும் கிடையாது. மூட்டைகள் வாயைத் திறந்தபடி வரிசையாக நிற்கும். வேண்டியதை நாமே அள்ளித் தேக்கிலையில் பொட்டலம் கட்டிக்கொள்ள வேண்டும். கோணல் புடலங்காய்க்கும் அடிபட்ட பூசணிக்கும் பாதி விலைதான். கடையின் மூலையில் ஒரு மேசை போட்டு, மங்களம் என்ற மைனா உட்கார்ந்திருக்கும். வாங்கிய பொருளில் சொத்தை சொள்ளை இருந்தால் மங்களத்திடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஒருநாளும் அது முகம் சுளித்ததில்லை.

அந்தக் காட்டில் அலங்காரவல்லி என்றொரு பெண்மயில் இருந்தது. அதற்குக் கௌரவம்தான் உயிர். "எங்கள் வீட்டில் அருவிக்கரைக் கடைச் சாமானைத் தவிர வேறு எதுவும் அடுப்பில் ஏறாது" என்று போகிற வருகிற எல்லாரிடமும் சொல்லும். யாராவது புற்றடிக் கடையைப் பற்றிப் பேச்செடுத்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அதன் கணவனான ஆண்மயிலுக்கோ ஆடிப் பிழைப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. மேகமே இல்லாதபோது அது எங்கே போய் ஆடும்? வீட்டில் குஞ்சுகள் பசி பசி என்று கத்தின. அருவிக்கரைக் கடை வாசலை மிதிக்கவே மயிலுக்கு வழியில்லை.

என்ன செய்வது? ஒருநாள் உச்சிவெயிலில், எல்லாரும் கண்ணயர்ந்திருந்த நேரம் பார்த்து, மயில் சுற்றுவழியாகப் புற்றடிக் கடைக்குப் போனது. தலையில் ஒரு வாழையிலையைக் கவிழ்த்துக்கொண்டது. பாசிப்பருப்பை அள்ளிப் பொட்டலம் கட்டி, காசைக் கொடுத்துவிட்டு ஓட்டமாக வெளியே வந்தது. ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்து, பத்திரப்படுத்தி வைத்திருந்த குஞ்சம் வைத்த பையை எடுத்துப் பருப்பை அதில் கொட்டியது. தேக்கிலையைப் பள்ளத்தில் வீசிவிட்டு, பையை ஆட்டிக்கொண்டு நடுப்பாதையில் வீட்டுக்கு நடந்தது. பார்த்தவர்கள், "அருவிக்கரைக்குப் போய் வருகிறீர்களா?" என்று கேட்டார்கள். மயில் தலையை மட்டும் ஆட்டியது.

அன்று சாயங்காலம் பக்கத்துப் புதரில் குடியிருந்த பொன்னாயி என்ற கௌதாரி வந்தது. அதன் குஞ்சுகள் முட்டையை விட்டு வெளியே வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. "ஒரு பிடி பருப்பு இருந்தால் கொடுங்கள் அக்கா. குஞ்சுகளுக்குக் கஞ்சி வைக்க வேண்டும்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டது.

மயில் பெருமூச்செல்லாம் விடவில்லை. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லும் குணம் அதற்குக் கிடையாது. இன்னொரு குஞ்சம் வைத்த பையைத் தேடி எடுத்து, பருப்பில் பாதியை அதில் கொட்டிக் கொடுத்தது. கொடுத்த கையோடு சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? "அருவிக்கரைக் கடைப் பருப்பு. உயர்ந்த சரக்கு, வீணாக்கிவிடாதே" என்று சொல்லியனுப்பியது.

மறுநாள் காலையில் ஒரு காக்கை மரத்துக்கு மரம் உட்கார்ந்து கத்திக்கொண்டே வந்தது.

"புற்றடிக் கடையில் நேற்றுப் பாசிப்பருப்பு வாங்கியவர்கள் யாரும் அதைச் சாப்பிட வேண்டாம். மூட்டையில் ஊமத்தை விதை கலந்துவிட்டது. பார்த்தால் தெரியாது, தின்றால் உயிருக்கே ஆபத்து. மங்களத்திடம் கொண்டுவந்து கொடுத்தால் நல்ல பருப்பாக மாற்றித் தரும்."

மயிலுக்கு நெஞ்சு திக்கென்றது. நல்லவேளை, முந்தின நாள் கிழங்கு மிச்சமிருந்ததால் அது பருப்பில் கை வைக்கவில்லை. 'யாருக்கும் தெரியாமல் குழி தோண்டிப் புதைத்துவிட்டால் போயிற்று' என்று நினைத்துக்கொண்டது. மண்ணைக் கீறத் தொடங்கிய பிறகுதான் பொன்னாயியின் ஞாபகம் வந்தது.

மயில் போட்டது போட்டபடி ஓடியது.

பொன்னாயி வீட்டு அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. குஞ்சுகள் பானையைச் சுற்றி நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. மயில் மூச்சு வாங்க, "பொன்னாயி, நேற்றுக் கொடுத்த பருப்பைத் திருப்பிக் கொடுத்துவிடு" என்றது.

"கொஞ்சம் பையில் இருக்கிறது. மீதியை உலையில் போட்டுவிட்டேனே அக்கா. ஏன்?"

"அது... பழைய பருப்பு. வண்டு விழுந்திருக்கும்."

"அருவிக்கரைக் கடைப் பருப்பில் வண்டா? நல்ல கதை. நான் பார்த்துப் பொறுக்கித்தான் போட்டேன்" என்று சிரித்தது கௌதாரி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டது. "காக்கை சொன்னதைக் கேட்டீர்களா அக்கா? நேற்று நானே புற்றடிக் கடைக்குப் போயிருந்தால் என் பிள்ளைகளின் கதி என்ன ஆகியிருக்கும்? நீங்கள் கொடுத்தது பெரிய கடைச் சரக்காக இருக்கப்போய்த்தான் பயமில்லாமல் அடுப்பில் ஏற்றினேன். உங்களுக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மயில் வாயைத் திறந்தது. வேறு ஏதோதான் வெளியே வந்தது. கஞ்சியை இறக்கி வைக்கும்படியும், தன் வீட்டிலிருந்து கிழங்கு வேகவைத்துக் கொண்டுவருவதாகவும் சொன்னது. பொன்னாயி கேட்கவில்லை. ஏற்கெனவே செய்த உதவியே பெரிது, இன்னும் சிரமப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கஞ்சியைக் கொட்டாங்கச்சியில் ஊற்றி ஆற்றியது.

குஞ்சுகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. எல்லாவற்றிலும் சின்னது அலகைத் திறந்துகொண்டு முன்னால் வந்து நின்றது.

"கொடுக்காதே, பொன்னாயி" என்றது மயில். "அது புற்றடிக் கடைப் பருப்பு. நேற்று மத்தியானம் நான்தான் வாங்கினேன். கௌரவத்துக்காகப் பையை மாற்றிவிட்டேன்."

கௌதாரி ஒரு கணம் விழித்தது. மறுகணம் கொட்டாங்கச்சியைத் தட்டிவிட்டுப் பானையையும் கவிழ்த்தது. சிந்திய கஞ்சியின் மேல் காலால் மண்ணை வாரித் தள்ளியது. ஒவ்வொரு குஞ்சையும் இழுத்து அலகைத் திறந்து பார்த்தது. எதன் வாயிலும் ஒரு பருக்கைகூட இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. மயிலும் பக்கத்தில் உட்கார்ந்தது. அப்பாடா என்று இரண்டும் விட்ட மூச்சில் அடுப்புச் சாம்பல் பறந்தது.

"வந்தவுடனே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றது பொன்னாயி.

"ஓடித்தான் வந்தேன். வந்த பிறகு நாக்கு எழவில்லை" என்றது மயில். அதன் கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

கௌதாரிக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் குஞ்சுகள் இன்னும் பசியோடு நின்றன. மிச்சப் பருப்பை மாற்றிக்கொண்டு வரலாம் என்று அது எழுந்தது. வாங்கியவர் வந்து சொன்னால்தான் மாற்றித் தருவார்கள், ஆகவே நீங்களும் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. மயில் தன் வீட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தது.

புற்றடிக் கடையில் மங்களத்தின் மேசை முன்னால் நீண்ட வரிசை. பட்டப்பகலில், அத்தனை பேர் நடுவில் நிற்க மயிலுக்கு உடம்பு கூசியது. தன் முறை வந்ததும் இரண்டு பைகளையும் மேசைமேல் வைத்தது.

மங்களம் குஞ்சத்தைப் பார்த்தது. "மன்னிக்க வேண்டும் அம்மா. உறுதி செய்துகொள்ளத்தான் கேட்கிறேன். இது எங்கள் கடைப் பருப்புத்தானா?" என்று மெதுவாகக் கேட்டது.

"உங்கள் கடைப் பருப்புத்தான். பை மட்டும் வேறு கடையுடையது" என்று மயில் வரிசைக்கே கேட்கும்படி சொன்னது.

இப்போது எல்லாரும் சிரிப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டது. ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தது. பின்னால் நின்ற காட்டுப்பன்றி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் கக்கத்தில் சிவப்புக் குஞ்சம் ஒன்று தொங்கியது. அதற்கும் பின்னால் நின்ற முள்ளம்பன்றி தன் பையை மெல்ல முதுகுக்குப் பின்னால் தள்ளியது.

மங்களம் எதையும் கண்டுகொள்ளவில்லை. "தவறு எங்களுடையது. உங்களுக்குத்தான் வீண் அலைச்சல். குஞ்சுகள் எல்லாம் நலமா?" என்று மட்டும் விசாரித்தது. பைகளை வாங்கி மேசைக்கடியில் போட்டது. அங்கே ஏற்கெனவே குஞ்சம் வைத்த பைகள் குவிந்து கிடந்தன. நல்ல பருப்பாகப் பார்த்து, கொண்டுவந்ததைவிட ஒரு பிடி கூடுதலாகவே போட்டு, தேக்கிலையில் கட்டிக் கொடுத்தது.

திரும்பும் வழியில் பொன்னாயி பேசியது.

"நேற்று நான் கேட்டது ஒரு பிடி பருப்பு அக்கா. தேக்கிலையோடு கொடுத்திருந்தாலும் இதே நன்றியைத்தான் சொல்லியிருப்பேன்."

மயில் கௌதாரியின் வீட்டிலேயே அடுப்பை மூட்டி, தன் குஞ்சுகளையும் அங்கே கூப்பிட்டுக் கஞ்சி காய்ச்சியது. குஞ்சுகள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து, இன்னும் ஊற்று இன்னும் ஊற்று என்று கேட்டுக் கேட்டுக் குடித்தன. அதைப் பார்க்கப் பார்க்க மயிலுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

நீதி: கௌரவத்துக்காகச் சொன்ன பொய் பிறர் உயிருக்கு ஆபத்தாகும்போது, வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.